அக்காவின் ஐந்தரைக் கட்டை

வள்ளி வேடத்தில் மதுரைச் சீமையே அறிந்த எங்கள் அக்கா காலமாகி இன்றோடு ஓராண்டு. அவர் வாழ்வை உற்றார் உறவினர் முன் எழுதிவைப்பது தம்பியாகிய என் கடமை.

அக்கா பிறந்தது சமயநல்லூரில், கூலிக்குக் களையெடுக்கும் குடும்பத்தில். பன்னிரண்டு வயதில் மேடையேறினார். "கூத்தாடிச்சி" என்று சொந்தக்காரர்கள் பந்தியில் அவரைத் தள்ளி உட்காரவைத்தார்கள். அவர் ஆடிப் பாடித்தான் என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அக்காவின் நாடக நோட்டீசுகளை நானே எழுதினேன்.

ஒலிபெருக்கி இல்லாத நாள்கள். கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாட வேண்டும். ஆர்மோனியத்தில் எத்தனை கட்டைச் சுருதி என்று நோட்டீசில் போட்டால்தான் கூட்டம் வரும். அக்காவுக்கு ஐந்தரைக் கட்டை.

விஷக்காய்ச்சலில் தொண்டை புண்ணாகி மூன்று மாதம் படுத்திருந்தார். எழுந்ததும் அழகர்கோவில் பக்கம் ஒரு நாடகம் ஒப்புக்கொண்டார்.

"தம்பி, இந்தத் தடவ கட்டைய மட்டும் போடாதப்பா" என்றார்.

அக்காவின் பெருமை குறையக் கூடாதென்று ஐந்தரை என்றே பெரிய எழுத்தில் போட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

மேடையில், அக்கா கேட்டுக்கொண்டபடி ஆர்மோனிய அண்ணன் நாலு கட்டையில் வாசித்தார். முன்வரிசைக்காரர்கள் நோட்டீசை ஆட்டினார்கள். "சுருதிய ஏத்துய்யா, ஏத்து."

வேடனாக நின்ற ராஜபார்ட் நடிகர் விடவில்லை. "என்ன வள்ளி, கிளி தினையத்தான் கொத்தும்பாக. ஒஞ் சுருதியையுமா கொத்திட்டுப் போயிருச்சு?"

கொட்டகையே சிரித்தது.

"ஏத்துங்கண்ணே" என்றார் அக்கா.

இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. அதன்பிறகு பேசினாலும் காற்றுதான் வந்தது.

ஒன்பது வருஷம் பழங்காநத்தத்தில் பணியாரம் சுட்டு விற்றார். "வள்ளி, ஒரு பாட்டு எடுத்துவிடு, ரெண்டு சேத்து வாங்குறேன்" என்பார்கள். அக்கா தலைநிமிராமல் இலையில் வைத்துக் கொடுப்பார்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் அந்தக் காற்றுக் குரலிலேயே என்னைக் கேட்டார்.

"அன்னைக்கு நோட்டீசுல கட்டை போடலைலப்பா?"

"போடலக்கா."

"அப்புறம் ஏம்ப்பா அம்புட்டுச் சனமும் ஏத்து, ஏத்துன்னுச்சு?"

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அக்கா போய்விட்டார்.

மருந்து வாங்கித் தந்த பக்கத்து வீட்டாருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் நன்றி. பாடை எடுக்குமுன் ஆர்மோனிய அண்ணன் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து நாலு கட்டையில் வாசித்தார். அவருக்கும் நன்றி. வந்திருந்தவர்கள் ஒருவரும் அன்று ஏற்றச் சொல்லவில்லை. அவர்களுக்கும் என் நன்றி.