குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கர்

அந்த ஸ்பீக்கரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அது எங்கள் கொமட்டின் மூடிமேல் இருந்தது. பால்மாத் தகரப் பேணி அளவு, கறுப்பு நிறம். ஒரு பக்கத்தில் காய்ந்த சீமெந்து படைபடையாக ஒட்டியிருந்தது. மறுபக்கத்தில் வெள்ளைச் சிலிக்கன் பசை வழிந்து இறுகி, அதற்குள் நீளமான தலைமயிர் ஒன்று சிக்கிக் கிடந்தது. எந்த வீட்டுப் பெண்ணின் மயிரோ. அதிலிருந்து முருகன் பாட்டு உரத்து வந்துகொண்டிருந்தது.

வேலைக்கு வந்தவர் டைல் பதிக்கும் தம்பி. நாற்பது வயதிருக்கும், நகரின் தெற்கே தகனினியில் இருக்கிறார். கோயிலில் இரண்டு பேரிடம் விசாரித்து, இருவருமே வேலை சுத்தம் என்று சொன்ன பிறகுதான் அவரை அழைத்திருந்தேன்.

“தம்பி, உந்த ஸ்பீக்கரை ஏன் உதிலை வைச்சிருக்கிறியள்? சாமிப்பாட்டெல்லோ போகுது.”

“வாசலிலை பிள்ளையார் படத்தைக் கண்டனான் அக்கா. நல்ல சைவ வீடு. அதுதான் சாமிப்பாட்டோட துவங்குவம் எண்டு.”

“கக்கூசுக்கு மேலை வைச்சோ?”

அவர் மூடியைத் தட்டிக் காட்டினார். “தண்ணி வெட்டியாச்சு அக்கா. இனி இது வெறும் பீங்கான். கொஞ்சத்திலை கழட்டி வெளியிலை வைச்சிடுவன். பிறகு இது கக்கூசும் இல்லை, குளிக்கிற இடமும் இல்லை. சும்மா ஒரு அறை. ஆரும் வந்து பாடலாம்.”

சொன்னதைச் செய்தார். கொமட் எலுமிச்சை மரத்தடிக்குப் போயிற்று. தரையில் அது இருந்த துளைக்குள் பழைய பனியன் ஒன்றைத் திணித்தார். ஸ்பீக்கரை அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே வைத்தார். பனியன் மெல்ல மெல்ல ஈரமாகி நிறம் மாறிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு குரல் ஆறுமுகங்களையும் ஒவ்வொன்றாகப் புகழ்ந்துகொண்டிருந்தது. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எங்களுடையது மவுண்ட் ஆல்பர்ட் பகுதியின் பழைய மரவீடுகளில் ஒன்று. ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும்.

வேறொரு காலமாக இருந்தால் அவரை அன்றே அனுப்பியிருப்பேன். அப்போது முடியாது. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்து, மருத்துவமனையின் மறுவாழ்வு விடுதியில் இருந்தார். பேச்சு மெதுவாகத் திரும்பியிருந்தது. கோல் பிடித்துக் கொஞ்சத் தூரம் நடந்தார். ஆனால் எங்கள் பழைய குளியல் தொட்டியின் விளிம்பை அவரால் தாண்ட முடியாது. தொட்டியை எடுத்து, படியே இல்லாமல் தரையைச் சரிவாக்கி, கைபிடிக் கம்பிகளும் ஒரு இருக்கையும் பூட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். இல்லையென்றால் அது முடியும்வரை முதியோர் இல்லம்.

கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தானாகக் குளிக்க வேண்டும். விடுதியில் அவரைக் குளிப்பாட்ட ஒரு பெண் வருவாள். “நல்ல பிள்ளை,” என்றார் அவர். “சுடுதண்ணி சரியோ எண்டு ரெண்டு தரம் கேக்கும். ஆனா போனிலை பாட்டைப் போட்டிட்டுத்தான் துவங்கும். முதுகைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தானும் பாடும். நான் என்ன காரோ, பாட்டுப் போட்டுக் கழுவிறதுக்கு?”

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆகவே நம் வீட்டிலும் ஒருவர் பாட்டுப் போட்டுத்தான் வேலை செய்கிறார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. டைல்காரரிடமும் கடுமையாகப் பேசவில்லை. பாதியில் கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், உடைத்துப் போட்ட குளியலறையுடன் நான் யாரிடம் போவேன்?

சாமிப்பாட்டை மட்டும் நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். அடுத்த நிமிடமே சினிமாப் பாட்டு. ஒரு பெண் பாடுவதைவிட மூச்சு வாங்குவதே அதிகமாக இருந்தது. பிறகு ஒரு ஆண் வந்து அவளுடைய இடுப்பைப் பற்றி விவரம் சொன்னான். நம் தம்பி ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து பாடினார். அந்தச் சொல்லையும் சுருதி விலகித்தான் பாடினார். டைல் வெட்டும் இயந்திரத்தைப் போடும்போது, அதன் சத்தத்தையும் மீறிக் கேட்பதற்காகப் பாட்டைக் கூட்டுவார். இயந்திரம் நின்ற பிறகு குறைக்க மாட்டார்.

“கொஞ்சம் குறைக்கேலாதே தம்பி?”

“பாட்டில்லாட்டி எனக்குக் கை ஓடாது அக்கா.”

வேலை செய்பவர்கள் பாடுவது உலக வழக்கம்தான். மூச்சைச் சமாளிக்கவும் கையை ஒரு தாளத்தில் வைத்திருக்கவும் மனிதர் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு வேலையிலிருந்தே வருவது. இது அப்படியில்லை. வேறு எங்கோ செய்து பொதி கட்டிய சத்தத்தைக் கொண்டுவந்து என் வீட்டில் கொட்டுவது. இந்த நாட்டில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் வெள்ளைக்கார வேலைக்காரர்கூடக் கழற்றிவிட்டு வருவார்; சத்தத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல மட்டும் ஒரு மரியாதையான வசனம் இன்னும் யாரிடமும் இல்லை. சோற்றில் தூசி விழுந்தால் அந்தப் பிடியை எடுத்து எறியலாம். அந்தப் பாட்டுப் பெண்ணின் மூச்சு என் சோற்றுக்குள் விழுந்தது. எதை எறிவது?

சுவர்ப் பலகைகள் பூட்டிய நாள் விடுதியிலிருந்து தாதி அழைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினேன். டைல்காரருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். பிறகு நானே உள்ளே போய் அந்த ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினேன். விரல் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய விரலைத் தனியே நீட்டிப் பிடித்தபடி, அடுத்த கையில் போனுடன் நடைவழியில் நின்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என் கணவரை அனுப்பலாம், குளியலறை அதற்குள் தயாராகுமா என்றார் தாதி. ஆகும் என்றேன்.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய, ஒரே நிலையான ஸ் என்ற ஒலி.

“உது என்ன சத்தம்?”

அவர் தலையைச் சரித்துக் கேட்டார். “சில்வண்டு அக்கா. இங்கை மாசிமாசம் கோடைதானே, மரம் முழுக்கக் கத்துது.”

“சில்வண்டு விட்டு விட்டுத்தான் கத்தும். இது விடேல்லை.”

“நீங்கள் சும்மா பயப்பிடுறியள்.”

நான் சுவரில் காதை வைத்தேன். பலகை குளிர்ந்திருந்தது. அவரையும் காதை வைக்கச் சொன்னேன். வைத்தவர் முகம் மாறிவிட்டது. அவர் அடித்த திருகாணி ஒன்று சுவருக்குள் தண்ணீர்க் குழாயைத் துளைத்திருந்தது. காலையிலிருந்து அது சுவருக்குள்ளேயே பீச்சிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் மேல் பூச்சுப் பூசி, அடுத்த நாள் டைல் பதித்து மூடியிருப்பார். சுவர் உள்ளுக்குள் ஊறி அழுகியிருக்கும். என் கணவர் பிடித்து எழும்ப வேண்டிய கம்பி அந்தச் சுவரில்தான் வரவிருந்தது.

பிளம்பர் வந்தார். பலகையைக் கழற்றிக் குழாயை மாற்றினார். மரச்சட்டம் காயும்வரை ஒன்றும் பூட்டக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை போயிற்று. விடுதிக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

“சரி. அந்தப் பிள்ளையும் புதுப்பாட்டொண்டு பழகியிருக்கு. அதையும் கேட்டிட்டு வாறன்.”

மரம் காய்ந்து வேலை திரும்பத் தொடங்கிய காலை, ஸ்பீக்கர் அவருடைய வான் வண்டியிலேயே இருக்கட்டும் என்று டைல்காரரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நடைவழியில் ஒரு கதிரையைப் போட்டு, குளியலறை வாசலுக்கு நேரே இருந்தேன்.

“அக்கா, பொலிஸ் மாதிரியெல்லோ இருக்கிறியள்.”

“ஓம். இருப்பன்.”

சிறிது நேரம் சாந்துக் கரண்டி உரசும் ஒலி மட்டும் கேட்டது. இதுதான் வேலை நடக்கும் வீடு என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. பாட்டு இல்லாத இடத்தில் அவர் கதைக்கத் தொடங்கினார்.

“பேர் சொல்ல மாட்டன் அக்கா. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை,” என்றுதான் தொடங்கினார். பேர் சொல்லவில்லை. தெருவைச் சொன்னார். வாசலில் நிற்கும் காரின் நிறத்தைச் சொன்னார். மகன் எந்த ஊரில் படிக்கிறான் என்று சொன்னார். பிறகு அந்த வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தார். சவர்க்காரத் தூள் பெட்டிக்குப் பின்னால் போத்தல்கள். ஒரு வீட்டில் புருசன் பெண்சாதிக்குத் தனித்தனி அறை, தனித்தனிப் பற்பசை. கோயிலில் முன்வரிசையில் நின்று தேவாரம் படிக்கும் ஒருவர் வீட்டில் குளிக்கும் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். “கையை வைச்சா வழுக்குது அக்கா. ஆனா சாமியறை பளபளப்பு!” ஒரு அம்மாவின் பொய்ப்பல், ஒரு பெண்ணின் உள்ளாடை காயும் இடம், ஒரு வீட்டின் அடைப்பெடுத்தபோது குழாய்க்குள்ளிருந்து வந்தது. எல்லாவற்றையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கை ஒரு நிமிடமும் நிற்கவில்லை. வேலை உண்மையிலேயே சுத்தமாக இருந்தது.

எனக்கு ஒவ்வொரு வீடும் யாருடையது என்று தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். முருகன் பாட்டும் மூச்சு வாங்கும் பெண்ணும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. அந்தப் பனியனைத் துளையிலிருந்து இழுத்து என் மடியில் போட்டது போலிருந்தது.

அப்போது அவர் கைபிடிக் கம்பியைச் சுவரில் வைத்து உயரம் பார்த்தார்.

“அண்ணை இருக்கையிலை இருந்துதான் குளிப்பாரோ?”

“ஓம்.”

“தானா எழும்புவாரோ?”

“கம்பியை நேராப் பிடியுங்கோ தம்பி,” என்றேன்.

“மற்றது... கழுவிறதெல்லாம் ஆர் அக்கா? நீங்களோ?”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முகத்தில் உண்மையான அக்கறையுடன்தான் கேட்டார். அந்த அக்கறையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அடுத்த மாதம் வேறொரு வீட்டில், வேறொரு நடைவழியில், பேர் சொல்லாமல் எங்கள் கதை சொல்லப்படும். பழைய மரவீடு, எலுமிச்சை மரம், கம்பியைப் பிடித்து எழும்பும் மனிதன்.

“தம்பி, வானுக்குள்ளையிருந்து ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“என்னக்கா, பாட்டு வேண்டாம் எண்டனீங்கள்?”

“இப்ப வேணும்.”

“எதைப் போட?”

“எதையெண்டாலும் போடுங்கோ. சத்தமாப் போடுங்கோ.”

வேலை முடியும்வரை போட்டார். நான் கதிரையை எடுக்கவில்லை. வீதியோரத்தில் இருந்த தண்ணீர் மீற்றரின் மூடியைத் திறந்து, எங்காவது தண்ணீர் கசிந்து உள்ளே சக்கரம் சுற்றுகிறதா என்று இடைக்கிடை போய்ப் பார்த்தேன். சுற்றவில்லை. திரும்பி வந்து அந்த இரைச்சலுக்குள் இருந்தேன். அவர் கடைசிச் சொற்களைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு புதிய யன்னல் கட்டையில் ஸ்பீக்கர் இருந்த வட்டம் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது. சுரண்டிக் கழுவினேன். கையையும் கழுவினேன்.

கணவர் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் குளிக்கப் போகும்போது நான் கூடவே போனேன். இருக்கையில் இருந்தார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார். “நீ போ,” என்றார். கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் விழுந்து சரிவில் ஓடி வடிகாலில் இறங்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் குளித்தார். தானே துடைத்து, தானே சாரம் கட்டிக்கொண்டு, கோலை ஊன்றி வெளியே வந்தார். மேற்சட்டையை உள்வெளி மாறிப் போட்டிருந்தார். நான் திருத்தவில்லை.

அதன் பிறகு கோயிலில் பழகிய ஒரு பெண் பழங்களுடன் அவரைப் பார்க்க வந்தார். நோயாளிகளுடன் பேசும்போது பலரும் செய்வதுபோல், காது கேட்காதவரிடம் பேசுவது போலக் குரலை உயர்த்தித்தான் பேசினார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பினார். குரலை இறக்க மறந்துவிட்டார்.

“அண்ணை இப்ப கதிரையிலை இருந்துதானாமே குளிக்கிறார்? கம்பியெல்லாம் பூட்டினனீங்களாம்.”

“ஆர் சொன்னது?” என்றேன்.

“அந்தத் தம்பிதான். இப்ப எங்கட வீட்டிலை வேலை. நல்ல வேலைக்காரன், ஆனா ஒரே பாட்டு. நான்தான் பாட்டை நிப்பாட்டச் சொன்னனான். அதுக்குப் பிறகு நல்லாக் கதைக்கிறார்.”

நான் பழத்தட்டை அவர் பக்கம் தள்ளினேன். கணவர் கோப்பையை மேசையில் வைத்தார். அவருடைய சொற்கள் அப்போது ஒவ்வொன்றாகத்தான் வரும்.

“ஓம் தங்கச்சி. இருந்துதான் குளிக்கிறன்.” கொஞ்சம் மூச்செடுத்தார். “நீங்கள் நிண்டுகொண்டோ?”

அந்தப் பெண் அளவுக்கு மீறிச் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். கணவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.