ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

எழுபதுகளின் கடைசியில் ஆந்திர எல்லையில், கங்காதர நெல்லூர் பக்கத்தில் தமிழ் பேசும் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். வேலூரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தெலுங்கு எழுதப் படிக்க வரும். பொருள் பாதி தெரியும். அந்தப் பாதியை முழுதென்று நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு ஊர்ப் பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து பால் சங்கம் வைத்தார்கள். தலைவி, இரண்டு எருமை வைத்திருந்த ஒரு விதவை. தினமும் பால் குடத்தைத் தலையில் வைத்து மூன்று மைல் நடந்து பெரிய ரோட்டுக்குப் போவாள். பால் எடுக்கும் வேன் போய்விட்டிருந்தால் பால் திரிந்து வீடு திரும்பும். ஊருக்குள்ளேயே பால் வாங்கும் மையம் வேண்டும் என்று அவள்தான் முதலில் கேட்டவள்.

சித்தூர் பால்வள அலுவலகத்திலிருந்து தெலுங்குப் படிவம் வந்தது; நிரப்ப என்னிடம் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி: மையம் அவசரமா? பெண்களிடம் தமிழில் அப்படியே கேட்டேன்.

"அவசரம் இல்ல அய்வாரே. சர்க்காரை வெரட்டுனா நல்லாவா இருக்கும்? மழை நின்னப்புறம் வரட்டும்" என்றாள் தலைவி.

வாத்தியாரை அங்கே அய்வார் என்பார்கள். 'அவசரம் லேது' என்று தெலுங்கில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மையம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவி பள்ளிக்கே வந்தாள். கூடவே தெலுங்கு படித்த மருமகள்.

"தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம். தேவையில்லன்னு எழுதிக் குடுத்துகிறீங்கோ" என்றாள் மருமகள்.

"ரெண்டு வருசமா இந்த ஊரு சோத்தத் துன்னுகினு கீறீங்களே, இது தெரியாதா?" என்றாள் தலைவி.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"எழுதனது போதும்" என்றாள் தலைவி.

மறுநாள் பதினெட்டுப் பேரும் பால் குடங்களோடு முதல் பஸ் ஏறி, சித்தூர் அலுவலகத்து வாசலில் அவற்றை வரிசையாக வைத்தார்கள். அதிகாரி பத்தரைக்கு வந்தார். அதற்குள் வெயில் ஏறி, பால் நாற ஆரம்பித்திருந்தது. இதைத்தான் தினமும் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகிறோம் என்று தலைவி தெலுங்கில் சொன்னாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தார். மருமகள் அங்கேயே நிரப்பினாள்.

இரண்டு மாதத்தில் எங்கள் ஊருக்கும் மையம் வந்தது. பதிவேடு எழுத என்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மருமகள் எழுதினாள். நிரம்பிய கேன்களை வேனில் ஏற்றத்தான் ஆள் போதவில்லை என்றார்கள். விடுமுறை நாட்களில் நான் அதைச் செய்தேன்.