விழாத எண்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அங்கே ரிசல்ட் ஏற்றும் புரோகிராமை எழுதியவர் வெளிநாடு போய்விட்டதால், அதைப் பழுது பார்க்கும் வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது. அன்றைய புகார் சின்னது. அடிக்கிற எண்களில் ஒன்று எப்போதாவது திரையில் விழுவதில்லை. கீபோர்டை மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள். எண் விழவில்லை.

மதிய வெயிலில் நான் படியேறியபோது, ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு பெரியவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கால் செருப்பைத் தேடியது. செருப்பு நகர்ந்தது. கால் மறுபடி தேடியது. நான் குனிந்து எடுத்து வைத்தேன்.

"கண்டனூர்ல ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் தம்பி. வீட்டைச் சுத்திச் சுத்தியே காலு கனத்துப் போச்சு" என்று சிரித்தார். ரிப்போர்ட் வாங்க நாளைக்கு வருவதாக உள்ளே சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடியே பஸ்ஸுக்குப் போனார்.

உள்ளே எண்கள் அடிக்கும் பெண் என்னை அண்ணன் முறை சொல்லிப் பேசுகிறவள். மெஷின் துப்பும் சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய விரல்கள். அந்த வகுப்புகளில் கண் தாளைவிட்டு நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் விரலில் ஸ்கேல் விழும். ஆகவே அவள் நிமிர்வதில்லை. கண் சீட்டில், விரல் கீபோர்டில். திரை யாருக்காகவோ எரிந்துகொண்டிருக்கும். ஒரு ஆள் முடிந்த பிறகுதான் ஒரு தடவை பார்ப்பாள். காலியாக நிற்கும் கட்டத்தைத் திட்டிக்கொண்டே நிரப்புவாள்.

"பக்கத்துல உக்காந்து பாருங்கண்ணே. நீக வந்துட்டா மட்டும் நல்ல பிள்ளையா அடிக்கும்."

"எது, கீபோர்டா?"

"எல்லாந்தான். டாக்டரைக் கண்டதும் காச்சல் விட்டுருதுல்ல, அந்த மாதிரி."

மெஷின் சீட்டுகளைத் துப்ப, அவள் அடித்தாள். மழை ஓட்டில் இறங்குவதுபோல ஒரே சீரான சத்தம். நாலைந்து பேருடைய ரத்தம் அப்படியே எண்ணாகி இறங்கியது. அதற்கடுத்த ஆளின் நடுவில் திரையில் ஏதோ சிவப்பாகத் தோன்றி, நான் அதை ஒரு சொல்லாக வாசிப்பதற்குள் இல்லாமல் போனது.

"இப்ப ஒன்னு வந்துச்சே?"

"எங்கண்ணே?"

"திரையில. சிவப்பா."

"அதுவா! மினுக்குன்னு வரும், போயிரும். அது பாட்டுக்கு வரும். ஒன்னும் பண்ணாது." நிமிர்ந்து பார்த்தவள், "இந்தா, குளோரைடு விழல. பாத்தீகளா?" என்றாள், வென்ற குரலில்.

நான் திரைக்கு அருகே குனிந்தேன். குளோரைடுக்கு முந்தைய கட்டம் பொட்டாசியம். அதை அழித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். "மெதுவா. ஒத்தை விரல்ல. என்டர் அடிச்சதும் கையைத் தூக்கிரு."

கையைத் தூக்கினாள். சிவப்புப் பெட்டி வந்தது. இந்த முறை போகவில்லை, நின்றது. 'ஆபத்தான அளவு. உடனே டாக்டரிடம் சொல்லவும்.' அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சொல்லியாச்சு.'

ஒரு திரையில் எத்தனை விண்டோ திறந்திருந்தாலும், நாம் அடிப்பதைக் கேட்கும் காது ஒன்றுதான். அந்தக் காதைத்தான் எங்கள் தொழிலில் ஃபோகஸ் என்கிறோம். ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு விண்டோ பாய்ந்து வந்து அதைப் பிடுங்கக் கூடாது. சிஸ்டமே தடுக்கும்: கீழே ஓரமாக நின்று மின்னு, கூப்பிட்டால் வா என்று. புரோகிராமை எழுதியவர் அந்தத் தடையைத் தாண்டக் குறுக்குவழி போட்டிருந்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. எச்சரிக்கை எவர் கண்ணுக்கும் தப்பக் கூடாது என்றுதான். பெட்டி முன்னால் பாய்ந்தது, காதைப் பிடுங்கியது. சீட்டைவிட்டு நிமிராத பெண் குளோரைடை அடித்தாள். பெட்டிக்கு எண்கள் புரியாது, உதிர்ந்துபோயின. எண்ணுக்குப் பின்னால் வந்த என்டர் மட்டும் புரிந்தது. அது பொத்தானை அழுத்தியது. சொல்லியாச்சு.

யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

"இது யாரு ரத்தம்?" என்றேன்.

அவள் பெயரை வாசித்தாள். "நீக வரயில போனாகள்ல, கண்டனூர் தாத்தா." எண்ணை மறுபடி பார்த்தாள். "எடுக்கையில ரத்தம் உடைஞ்சிருந்தாலும் பொட்டாசியம் இப்படிக் கூடுதலாக் காட்டும்ணே. இருங்க, திரும்ப ஓட்டிப் பாக்குறேன்."

திரும்ப ஓட்டினாள். அதே எண். டாக்டருக்குப் போன் போட்டாள். இந்த அளவில் இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். பெரியவருடைய போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. லேப் முதலாளியை அவள் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, பதிவில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் ஏறினோம்.

"கண்டனூர்ல இன்னைக்கு யாரு வீட்டுக் கல்யாணம்ணே, இம்புட்டு அவசரம்?" என்றான் ஆட்டோக்காரன். கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்தவன் வேகத்தைக் கூட்டினான்.

அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம், வீட்டுக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்து திறக்கும் கல்யாணத்துக்குக் காத்திருப்பவை. சாத்திய கதவுகள், சாத்திய சன்னல்கள், ஒரு காக்கை. பெரியவர் காவல் காக்கும் வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் போன் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம், வெகு உள்ளே, அது அடிப்பது கேட்டது. ஓட்டிலும் தூணிலும் பட்டு, யார் காதிலும் போய்ச் சேராமல் அடித்தது. நின்றது. மறுபடி போட்டேன். அந்த வீடு முழுக்கவே ஒரு சிவப்புப் பெட்டிபோல என் முன்னால் நின்றது.

"இங்குட்டு நின்னு என்ன செய்றீக? இந்த வீட்டுக்குப் பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கு" என்றான் ஆட்டோக்காரன். வண்டியைத் திருப்பினான்.

பின்வாசல் திறந்துகிடந்தது. படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. கண் மட்டும் எங்களை நோக்கி அசைந்தது.

"போன் அடிச்சுச்சு தாயி" என்றார் அவளிடம். "கேட்டுச்சு. காலு எந்திரிக்க மாட்டேங்குது."

மூவருமாகத் தூக்கினோம். காரைக்குடி வரும்வரை அவள் அவருடைய மணிக்கட்டை விடவில்லை. ஓடுகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். வெகு நேரம் நின்றோம். பிறகு நர்ஸ் வந்து, ஊசி கேட்கிறது, நாடி நிதானத்துக்கு வருகிறது என்றாள்.

அவர் பிழைத்தார்.

சாயங்காலமே லேப்பில் உட்கார்ந்து குறுக்குவழியைப் பிடுங்கி எறிந்தேன். இனிப் பெட்டி எவருடைய காதையும் பிடுங்காது. திரையின் மேல்விளிம்பில் நின்று மணி அடிக்கும். என்டருக்கு மசியாது, யாரிடம் சொன்னோம் என்று பெயரை அடித்தால்தான் போகும். வேலை சின்னதுதான், சீக்கிரமே முடிந்துவிட்டது. எழுந்தேன்.

அவள் எழவில்லை. கீபோர்டைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, முதல்முறையாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே."

"என்னம்மா?"

"இதுக்கு முன்னாடி மினுக்குன்னு வந்து போனதெல்லாம் யாரு?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். 'சொல்லியாச்சு' என்று பதிவானவர்களை மட்டும் தேடி எடுக்கும்படி புரோகிராமிடம் கேட்டேன். திரை நிரம்பியது. கீழே இன்னும் இருக்கிறது என்று காட்டியது. முதல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த போன் நம்பரை அவள் வாய்விட்டு வாசிக்க, நான் அழுத்தினேன்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.