அறையில் இன்னொருவர்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தவமலர், குழந்தை வளர்ப்பு பற்றி இணையத்தில் ஓர் இலவசப் பாடநெறி படித்தாள். கடைசிப் பரீட்சைக்கு ஒரு நிபந்தனை: அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருப்பதே ஓர் அறைதான். புருஷனையும் பிள்ளைகளையும் கொட்டுகிற மழையில் வெளியே அனுப்பிவிட்டு போன் கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

“அறையில் இன்னொருவர் இருக்கிறார்” என்றது திரை.

கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். பிறகுதான் சுவர் ஞாபகம் வந்தது. அங்கே மாலையும் மீசையுமாக, செத்துப்போன மாமனாரின் படம்.

“உசுரோட இருந்தப்பவும் என்னையப் படிக்க விடல. இப்பவுமா மாமா?” என்று அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் பரீட்சை எழுதினாள்.

சித்தியடைந்ததும் சான்றிதழை எதிர்ச்சுவரில் மாட்டினாள். அப்புறம்தான் மாமனாரை இந்தப்பக்கம் திருப்பினாள்.

“இப்பப் பாருங்க.”