சிவப்பு மாறாத போத்தல்

என் சமையலறை அலுமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேல்தட்டில், விரலளவு போத்தல் ஒன்று நிற்கிறது. உள்ளே மாதுளம்பழச் சாறு போன்ற சிவப்பு நீர். அது தங்கம். கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நீரில் மிதக்கும்போது தங்கத்துக்கு இந்த நிறம்தான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் நீலமாகி, சாம்பலாகி, கடைசியில் அடியில் கறுப்பாகப் படிந்துவிடும். உப்புப் பட்டால் உடனே ஒட்டும். ஒட்டவிடாமல் காப்பது பொலிமர். நீண்ட இழையாக ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டு மற்றதை நெருங்க விடாது. இந்தப் போத்தலுக்குள் உப்பும் போட்டுத்தான் மூடினேன். ஏழு வருடமாகியும் சிவப்பு மாறவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் டொக்டரின் முகம் நினைவுக்கு வந்து காலைக் கோப்பி கசக்கிறது.

அப்போது நான் சூரிச்சில் ஓர் ஆய்வுகூடத்தில் லபொரன்டின், அதாவது ஆய்வு உதவியாளர். நிறுப்பது, கலக்குவது, போத்தலில் அடைப்பது என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்த டொக்டர் எங்கள் குழுவை நடத்தினார். அவருக்கு மேலே ஒரு சுவிஸ் பேராசிரியை. டொக்டர் எல்லோரிடமும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், தேனாகப் பேசுவார். என்னோடு மட்டும் தமிழ், அதுவும் திட்டுவதற்கு மட்டும். “ஏம்மா தங்கச்சி, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தாங்க?” என்பார், சாப்பிட்டாயா என்று விசாரிப்பவர்போலச் சிரித்துக்கொண்டு. சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். “உங்களுக்குள் சொந்த மொழியில் பேசிக்கொள்வது எவ்வளவு அழகு!” என்று பேராசிரியை ஒருநாள் மனமுருகினார். எனக்குப் பற்றி எரிந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. நிரந்தர வேலை தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதைப் பேராசிரியை தீர்மானிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம், உப்பு நீரில் கலந்து சோதனை செய்வதற்காக எங்களிடம் தங்கக் கரைசல் கேட்டது. துகளைச் சுற்றிய பொலிமர் தடித்தால் கருவியில் அளவீடு தெளிவாக விழாது என்பதால், அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டொக்டர்.

“பாதி போட்டால் உப்புத் தண்ணியிலை நிக்காது டொக்டர்” என்றேன்.

“சொன்னதைச் செய். நோட்டுல எழுதி வைக்காதே.”

செய்தேன். ஆனால் எழுதியும் வைத்தேன். டொச்சில் எழுதினால் யாராவது பார்த்து அவரிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, ஆய்வுக் குறிப்பேட்டில் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில் எழுதினேன். அவர் என் குறிப்பேட்டைத் திறந்தும் பார்ப்பதில்லை. பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

நிறுவனத்தார் உப்புக் கரைசலில் கலந்ததும் எல்லாம் நீலமாகி அடியில் படிந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் டொக்டர் என்னைக் காட்டி, இவள் பிழையாக நிறுத்துவிட்டாள் என்றார். நான் குறிப்பேட்டை விரித்துப் பேராசிரியை முன்னால் வைத்தேன். அவர் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, டொக்டரிடமே நீட்டினார். “என்ன எழுதியிருக்கிறது?”

டொக்டர் நிதானமாக வாசித்தார். பிறகு டொச்சில் சொன்னார்: “பாதிதான் நிறுத்துவிட்டேன், என் தவறு, மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறாள். பாவம்.”

பொய் என்று கத்தினேன். லாங்ஸ்ட்ராஸ தெருவில் எந்தத் தமிழ்க் கடையில் காட்டினாலும் வாசித்துச் சொல்வார்கள் என்றேன். “ஆய்வுக் குறிப்பேட்டை மளிகைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது” என்றார் பேராசிரியை. எல்லோருக்கும் விளங்கும் மொழியில் எழுத வேண்டும் என்பது விதி, அதை மீறியது நான் என்றும் சொன்னார். அது உண்மைதான். வேலை போயிற்று.

“அவர் எங்கடை ஆள்தானே பிள்ளை, ஏன் அப்பிடிச் செய்தவர்?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கடை ஆள் என்பதால்தான், அம்மா, அவரால் அது முடிந்தது. கடைசி நாளில் முழு அளவு பொலிமர் போட்டு இந்தப் போத்தலைச் செய்து, உப்பும் சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு டிராம் ஏறினேன்.

இப்போது சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. போன மாதம் டொக்டரிடமிருந்து மின்னஞ்சல், தமிழில். பேராசிரியை ஓய்வுபெற்றுவிட்டாராம், ஆய்வுகூடம் இப்போது டொக்டர் கையில். “அன்புத் தங்கைக்கு” என்று தொடங்கியிருந்தார். குறிப்பேட்டில் உள்ள முழு அளவுப்படியே செய்தும், அந்த நிறுவனத்துக்கு முன்னால் நான் செய்துவந்த பழைய கரைசல்போல உப்பில் நிற்கவில்லையாம். வேறென்ன செய்தாய், தயவுசெய்து சொல்லம்மா என்று கேட்டிருந்தார்.

என்ன குறைகிறது என்று வாசித்தவுடனேயே தெரிந்துவிட்டது. பொலிமரைத் துளித்துளியாக விட்டு, அது துகளைச் சுற்றிப் பிடிக்கும்வரை ஒரு மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். நான் அந்த நேரத்தில்தான் சோறு சாப்பிடப் போவேன். கைப்பழக்கம் என்பதால் அதை எங்கும் எழுதியதில்லை.

அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே சிவப்பு. பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன்: “எல்லாம் குறிப்பேட்டில் தமிழில் எழுதியிருக்கிறது டொக்டர். நன்றாக வாசித்துப் பாருங்கள்.”