பாதியில் நின்ற ரம்பம்

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. என் தங்கையின் கணவர் மேலிஸ் ஒரு நாள் காட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் அடுப்புப் பக்கம் நின்று சொன்னது. அவர் குடிக்காதவர். பேய் என்றால் சிரிக்கிறவர். டிராக்டரும் ஹைட்ராலிக் இயந்திரங்களும் பழுது பார்ப்பது அவர் தொழில்.

டிசம்பர் மாதம். வடக்கே குளிர்நாட்டில், எங்கள் வோரு ஊர்ப் பக்கத்தில் மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும். கல்யோ தன் விறகுக் களத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார். கல்யோவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மனைவி ஐட்டா இலையுதிர் காலத்தில் இறந்ததிலிருந்து தனி ஆள். சவரம் செய்து பல வாரம் ஆன முகம்.

"ரம்பம் பாதி மரத்துல நின்னுடுது தம்பி. மூணு நாளா இதே ரோதனை."

"எண்ணெய் பாத்தீங்களா அண்ணே?"

"பாக்காமயா உன்னைக் கூப்பிடுவேன்? எல்லாம் பாத்தாச்சு."

டிராக்டரில் ஓடும் பெரிய வட்ட ரம்பம் அது. மேலிஸ் தன் பங்குக்கு எல்லாவற்றையும் பார்த்தார். எண்ணெய் சரி. ஃபில்டர் சுத்தம். ஹோஸில் கசிவு இல்லை. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு ஸ்ப்ரூஸ் மரக் கட்டையை வைத்தார். வெண்ணெய் போல அறுத்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அத வைக்காத. இத வை," என்றார் கல்யோ. ஓரமாகத் தனியே கிடந்தது ஒரு பைன் கட்டை.

வைத்தார். க்ர்ர்ர்... பாதி வந்தது. நின்றது.

மேலிஸ் பிரஷர் முள்ளைப் பார்த்தார். ரம்பம் சிக்கிக்கொண்டால் முள் மேலே ஏற வேண்டும். இது கீழே இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. யாரோ அணைத்தது போல.

மறுபடி ஓட்டினார். இந்த முறை ரம்பத்தை ஓட்டும் லீவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவர் மெதுவாகத் திரும்பி, ரம்பம் நிற்கும் நடு நிலைக்கு வந்தது. ஸ்பிரிங் இழுத்தால் டக்கென்று வரும். இது அப்படி வரவில்லை. ஒரு கை தள்ளுவது போல வந்தது...

ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தார். புதிது போல இருந்தது.

கையுறை இல்லாமல் லீவரைப் பிடித்தார். உடனே கையை எடுத்தார். சுற்றிலும் இரும்பெல்லாம் பனியில் விறைத்துக் கிடந்தது. லீவரின் பிடி மட்டும் கதகதப்பாக இருந்தது.

அந்த லீவர் எப்போதும் ஐட்டாவின் இடம். கல்யோ கட்டையைத் தள்ள, அவள் அங்கே நிற்பாள்.

கல்யோவே வந்து லீவர் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு குரல் உடைந்து சொன்னார்: "திரும்பாதபடி கம்பி போட்டுக் கட்டிடு தம்பி."

கட்டினார்.

ரம்பம் சுற்றியது. கட்டுக்கம்பி இறுகியது. துடித்தது. ஞ்ஞ்ஞீ... என்று முனகியது.

கட்டை இரண்டாக விழுந்தது.

கம்பி தளர்ந்தது.

மேலிஸ் எஞ்சினை அணைத்தார். அமைதி.

பனியில் காலடிச் சத்தம்... சர்க்... சர்க்... காட்டுப் பக்கமிருந்து வந்தது.

அவர்களைத் தாண்டியது. யாரும் இல்லை.

களத்தை ஒட்டியிருந்த கல்யோவின் வீட்டுக் கதவு திறந்தது.

மூடியது.

மேலிஸ் டார்ச்சைக் கட்டை மேல் அடித்தார். அடிப்பக்கம், பட்டையில் செதுக்கிய சிலுவை. ரம்பம் அதன் நடுவே போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் சவத்தைக் கொண்டுபோகும்போது காட்டோரம் நின்று ஒரு மரத்தில் சிலுவை செதுக்குவோம். இறந்தவர் வீடு திரும்ப முயன்றால் அந்த மரத்தைத் தாண்ட முடியாது. அதை யாரும் வெட்டுவதில்லை.

"இது யாரு மரம் அண்ணே?"

"என் ஐட்டாவோடது."

"முன்னாடியே சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்!"

"அதான் சொல்லல." கல்யோ அழுதுகொண்டே சிரித்தார். "வீடு வெறிச்சோடிக் கிடக்குப்பா. அவ வரட்டும். எப்படி வந்தாலும் வரட்டும்." சொல்லிவிட்டு வீட்டை நோக்கி ஓடினார், இளைஞன் போல.

மனசு கேட்காமல் மேலிஸ் மறுவாரம் போனார். கல்யோ சவரம் செய்திருந்தார். வாசலிலேயே நிறுத்தி, மெல்லப் பேசினார்.

"வந்துட்டா. பேசத்தான் மாட்டேங்கறா. சுவரைப் பாத்து உக்காந்தே இருக்கா. கோபமோ என்னமோ..." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும் தம்பி. செத்தவங்க வளருவாங்களா? எந்திரிச்சா தலை விட்டத்துல முட்டுது."

துக்கம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு மேலிஸ் திரும்பிவிட்டார்.

ஜனவரி வாக்கில் கடையில் ஐட்டாவின் அக்கா வீவேயைப் பார்த்தார். வெட்டிய மரத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வீவே புரியாமல் பார்த்தாள். "ஐட்டா மரமா? நேத்துகூட அதுல கை வெச்சுட்டு வந்தேனே. ரோட்டு வளைவுகிட்ட அப்படியே நிக்குது. அவளை எடுத்துட்டுப் போன அன்னிக்குக் கல்யோ அழுதுக்கிட்டு காரை விட்டு இறங்கவே இல்லை. எது அவ மரம்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் காட்டுக்குப் போனார்கள். வளைவில் ஐட்டாவின் பைன் நின்றது. சிலுவையிலிருந்து பிசின் வழிந்து உறைந்திருந்தது. நாற்பது அடி தள்ளி, கல்யோ வெட்டிய அடிமரம்.

அது யாருடைய மரம் என்று ஊரில் எல்லோரிடமும் கேட்டுவிட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

கல்யோவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. சாயங்காலத்தில் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அவர் குரல் கேட்கிறது... கெஞ்சிக் கெஞ்சி, ஐட்டா, ஐட்டா என்று.