ஏரிக்குத் தேதி வைத்தவர்

பிடிபட்ட விரால் மீனைப் பாய் ஈரச் சாக்கின் மேல் கிடத்தி, வலது கையை விரித்து அதன் பக்கத்தில் வைப்பார். கட்டைவிரல் மீனின் மூக்கோடு சேர்ந்திருக்கும். சுண்டுவிரல் எட்டும் இடம் வரை ஒரு சாண். அங்கிருந்து இடது கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைப்பார். வால் அந்த நான்கு விரலைத் தாண்டினால் மீன் பிடித்தவனுக்கு, தாண்டாவிட்டால் ஏரிக்கு. சுண்ணாம்பில் வெடித்து, பட்டைச் சாயத்தில் நகமெல்லாம் பழுப்பேறிய கைகள் அவை. அந்தக் கைகளுக்குள் மீன் ஏனோ அதிகம் துள்ளாது. "இது இன்னும் பச்சப்புள்ள. அடுத்த வருஷம் வந்து கேளு" என்று பிடித்தவனிடம் சொல்லிக்கொண்டே குனிந்து தண்ணீரில் விடுவார். பிடித்தவன் முணுமுணுப்பான். ஆனால் கையைப் பிடித்துத் தடுத்தவர்கள் யாரும் இல்லை.

அவர் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். தோல் பதனிடும் ஆலையை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வேலையாட்கள் எல்லோருக்கும் அவர் சூப்பர்வைசர் பாய். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அதே ஷாப்பின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் அண்ணன் எனக்கு முன்பே அங்கே தோல்களை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலைக்கு இருந்தான். ஷாப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஏரி. மழைக்காலத்தில் பாலாற்றுக் கால்வாய் வழியாக நிரம்பி, வெயில்காலத்தில் பாதியாகக் குறைந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் தூண்டில் போட்டுக்கொள்ள ஊர்ப் பஞ்சாயத்து அனுமதித்திருந்தது. ஒரு கோடையில் வெளியூர் ஆட்கள் சாக்குச் சாக்காக அள்ளிப்போனதில் ஏரியே காலியானது. அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பு ஆட்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து தூண்டில் சங்கம் என்று ஒன்றை வைத்து, பாயைத் தலைவராக்கினார்கள். பஞ்சாயத்தும் சரி என்றது. எந்தத் தேதியில் ஏரியை மூடுவது, எப்போது திறப்பது, ஆளுக்கு எத்தனை மீன் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான்.

ஆடி பிறந்தால் மூடிவிடுவார். மழை இறங்கியதும் விரால் குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் ஒரு கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போகும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கொத்தின் அருகில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, பிள்ளைகளுக்காக. அந்தச் சமயத்தில் விரால் பிடிக்க ஒரு திறமையும் வேண்டாம், ஒரு தவளைக்குட்டி போதும். "அதுக்குப் பேரு மீன் புடிக்கறதாடா?" என்று பாய் கேட்பார். தீபாவளி கழித்துத் திறப்பார். மதகின் பக்கத்தில் புங்க மரத்தடியில் கூட்டம் நடக்கும். ஆளுக்கு மூன்று விரால், கெண்டை ஒரு கொத்து என்பார். "இன்னா பாய், மூணா? எங்க வூட்ல ஏழு பேரு" என்று ஒருவன் எழுந்திருப்பான். "ஏழு பேரையும் இட்டாந்து கரையில குந்த வை. ஆளுக்கு மூணு எண்ணித் தர்றேன்" என்பார் பாய். கூட்டம் சிரிக்கும். மறுநாள் நான் அதை டைப் செய்து கொடுப்பேன். ஷாப்பு வாசலிலும் டீக்கடையிலும் ஒட்டுவார்கள்.

அண்ணன் வாரம் முழுவதும் பேசாதவன். குழியிலிருந்து ஏறி வந்தால் குளித்துவிட்டுச் சுருண்டு படுப்பான். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மட்டும் வேறு ஆளாக இருப்பான். மூங்கில் கழியைத் துடைப்பான், தூண்டில் நரம்பைச் சிக்கெடுப்பான், மண்புழுவுக்காகக் கொல்லையைக் கிளறி அம்மாவிடம் திட்டு வாங்குவான். அன்று மாலை மீனோடு வந்தாலும் வெறும் கையோடு வந்தாலும் அவன் முகத்தில் ஒரே அமைதிதான். அந்த அமைதியைப் பார்க்கத்தான் அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஷாப்பு மாறியது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வண்டிகள் வருவது நின்றது. குரோம் மருந்துப் பீப்பாய்கள் வந்தன, பெரிய மரப் பீப்பாய் போன்ற டிரம்கள் இரவும் பகலும் உருண்டன. தோல்கள் நீலமாக வெளியே வந்தன. வேலை பெருகியது, கூலியும் கொஞ்சம் ஏறியது. கழிவுத் தண்ணீரும் ஏறியது. பழைய சாக்கடை தாங்கவில்லை. முதலாளி பாயைக் கூப்பிட்டு, பின்பக்கமாக ஒரு புதுக் கால்வாய் வெட்டி ஏரிக் கால்வாயில் சேர்க்கச் சொன்னார். பாய் ஆள் நிறுத்தி வெட்டினார். முதல் நாள் அந்த நீலப்பச்சைத் தண்ணீர் வளைந்து போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கரையில் நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகும் அவர் மட்டும் நின்றார்.

அடுத்த கோடையில் மீன்களின் உடம்பில் புண் கண்டது. செதிள் உதிர்ந்து, கண் வெளுத்துப் போன விரால் ஒன்றைப் பாய் சாக்கில் சுற்றிக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார். எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பேசுவதெல்லாம் கேட்கும்.

"பாய், இந்தத் தண்ணிய எங்க உடச் சொல்றீங்க, என் தலைமேலயா?" முதலாளி கோபமாகப் பேசவில்லை. களைத்தவர் போலத்தான் பேசினார். "எதிர் ஷாப்புக்காரன் உடலியா? நாம மட்டும் நிறுத்தினா அடுத்த மாசம் இந்த ஜனங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

"மீன் திங்கறவங்களும் இந்த ஜனங்கதான் முதலாளி."

"கால்வாய் வெட்டுனது நீங்க. நாளைக்கு யாராவது வந்து கேட்டா உங்களத்தான் கை காட்டுவாங்க. அதையும் ரோசன பண்ணுங்க." பிறகு முதலாளியே சொன்னார்: "குவார்ட்டர்ஸ்ல ஒழுகுதாமே. ஆள் அனுப்பறேன், ஓட்ட மாத்திக்குங்க. மூணு பொண்ணுங்கள வெச்சிக்கினு நனையாதீங்க."

பாய் வெளியே வந்தார். என் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் குடியிருந்த அந்த வீடு முதலாளியுடையது. மூத்த பெண்ணுக்கு மேல்விஷாரத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். அந்தச் சம்பந்தமும் முதலாளி சொல்லி வந்ததுதான். இங்கே எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறியவனை வாலாஜாப்பேட்டை வரைக்கும் எந்த ஷாப்பும் உள்ளே விடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்த வருஷம் பொங்கல் கழிச்சிதான் தொறப்புன்னு அடிம்மா. ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

ஏன் என்று கூட்டத்தில் கேட்டார்கள். மீன் வளரவில்லை என்றார். அதற்கு அடுத்த வருடம் திறப்பை மாசி வரை தள்ளினார். பிடிக்கும் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்றார். தன்னால் முடிந்த வழியில் அந்த மீனை எங்கள் தட்டிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கொதித்தது. "புடிச்சி முத்தம் குடுத்து உடறதுக்கா ஞாயித்துக்கெழம வர்றோம்?" என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள், ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை. பாய் ஏரியை ரகசியமாகக் குத்தகைக்காரனுக்கு விற்றுவிட்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். பெரிய மீனெல்லாம் முதலாளி பங்களாவுக்குப் போகிறது என்றார்கள். அவர் தெருவில் வந்தால் பேச்சு நின்றது. அவர் பெண்கள் தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியில் காது படப் பேசினார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணனும் அதையே சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டதை எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் ஆச்சரியப்படுவான், வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"தெரியும்" என்றான்.

"தெரிஞ்சிமா அவரத் திட்டுற?"

"அந்தத் தண்ணியில பகல் பூரா நிக்கறவன் நானு. எனக்குத் தெரியாதா? எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்." கால்களை நீட்டிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. "முதலாளிய எதுனா கேக்க முடியுமா? முடியாது. பாயக் கேக்கலாம். மூணு மீனா, ஒரு மீனான்னு சண்ட போடலாம். ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் என்னுதுன்னு நெனச்சேன். அதையும் புடுங்கினா?"

ஒரு பக்கம் பாய், அறியாத ஜனங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத் திருட்டுப்பட்டம் சுமக்கிறார். இன்னொரு பக்கம் அந்த ஜனங்கள், எல்லாம் அறிந்தே, வேறு யாரையும் கேட்க முடியாததால் அவரைக் கேட்கிறார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்புகூட இல்லை. ஆனாலும் யாரும் யாரிடமும் அதைப் பேசமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். பாய் எழுந்து நின்றதுமே ஒருவன், "குரான் மேல கை வெச்சி சொல்லு பாய், நீ மீன் விக்கலன்னு" என்றான். முதலாளியின் கணக்கப்பிள்ளை மரத்தோரம் சைக்கிளோடு நின்றிருந்தார். அவரைப் பாய் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"விக்கல. மீன்ல விஷம் இருக்குது. நம்ம ஷாப்புத் தண்ணி. கால்வாய வெட்டுனவன் நானு. ரெண்டு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லினு இருக்கேன். திங்காதீங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

ஏதாவது வெடிக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கேள்வி கேட்டவன் கீழே பார்த்தான். ஒருவன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். அண்ணன் மட்டும் அவர் அருகில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். கணக்கப்பிள்ளை சைக்கிளை மிதித்துக்கொண்டு பங்களா பக்கம் போனார்.

திங்கட்கிழமை காலையில் பாய் ஷாப்புச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி முதலாளி அறைக்குள் போனார். வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். வேலைக்கு வரும் உடுப்பு அல்ல. வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. உள்ளே முதலாளி குரல் கேட்டது.

"சொல்லிட்டீங்களாமே."

"சொல்லிட்டேன்."

"சரி. இன்னிக்கு எல்லாரும் வேலைக்கு வந்தாங்களா?"

பாய், "வந்தாங்க" என்றார்.

"அப்புறம் இன்னா? சாவிய எடுத்துக்குங்க. மூணாவது டிரம்ல சத்தம் ஜாஸ்தியா வருது, பாருங்க."

வெளியே வந்தவரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வீடு போகும், வேலை போகும், பெண்ணின் கல்யாணம் நிற்கும் என்று இரண்டு வருடங்கள் பயந்து கிடந்தார். சொன்னார்; ஒன்றுமே போகவில்லை. தண்ணீரும் நிற்கவில்லை. வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அவருக்கு ஒரு கதவு திறந்திருக்கும். ஜிப்பாவோடே மூன்றாவது டிரம்மைப் பார்க்கப் போனார். தை மாதம் பெண்ணின் கல்யாணம் நடந்தது. முதலாளி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்.

அந்தச் சித்திரையில் ஏரி மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்தன. நாற்றம் தாங்காமல் ஊர் கதவுகளை மூடிக்கொண்டது. பாயும் அண்ணனும் இன்னும் சிலரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாரிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவரைத் திருடன் என்றவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை, அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மழை வந்தது, போனது. தீபாவளியும் போனது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் நாலைந்து பேரும் ஆபீஸ் படிக்குக் கீழே வந்து நின்றார்கள். பாய் அப்போது என் மேசைப் பக்கம் இருந்தார்.

"இன்னா பாய், இன்னும் தேதி சொல்லலியே" என்றான் அண்ணன்.

"எதுக்குடா தேதி? ஏரியில இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. எங்களுக்கு வந்து குந்தறதுக்கு ஒரு நாள் வேணும். நீங்க சொன்னாத்தான் வருவாங்க."

பாய் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வர்ற ஞாயித்துக்கெழமைன்னு அடிச்சிடும்மா" என்றார். நான் காகிதத்தைச் சொருகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட எல்லோருமே வந்தார்கள். மூங்கில் கழிகளை நீட்டிக்கொண்டு வரிசையாகக் கரையில் உட்கார்ந்தார்கள். தக்கைகள் அசையாமல் கிடந்தன. பாய் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழக்கம்போல நடந்தார். சாக்கு கொண்டுவரவில்லை.

அண்ணன் இப்போது இல்லை. அவன் நெஞ்சு அவனை நாற்பத்தைந்தைத் தாண்ட விடவில்லை. பாய் எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்று மேல்விஷாரத்தில் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றும் என் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இன்று ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டு, யாரும் இறங்கக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது நான் அந்த வருடங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் அவர் தேதி வைத்தார். ஒவ்வொரு வருடமும் நான் டைப் செய்தேன், ஒவ்வொரு வருடமும் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு எத்தனை மீன் என்று மட்டும் அதற்குப் பிறகு யாரும் அவரைக் கேட்கவில்லை.